ஒட்டுக்கேட்கப்பட்ட நீதிபதிகள்: பாகிஸ்தானில் ஒரு குற்றச்சாட்டின் முப்பது ஆண்டுகள்

1. கேள்வி

இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றத்தின் ஆறு நீதிபதிகள் 2024 மார்ச் 25 தேதியிட்டு, நீதிபதிகளின் நடத்தையை விசாரிக்கும் பாகிஸ்தானின் உச்ச நீதித்துறைக் கவுன்சிலுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். மோசின் அக்தர் கயானி, தாரிக் மஹ்மூத் ஜஹாங்கிரி, பாபர் சத்தார், சர்தார் எஜாஸ் இஸ்ஹாக் கான், அர்பாப் முகமது தாஹிர், சமான் ரஃபத் இம்தியாஸ் ஆகியோர் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்த நீதிமன்றத்தில் அப்போது இருந்ததே எட்டு நீதிபதிகள்தான். ஆகவே மனக்குறை கொண்ட ஒருசிலரின் புலம்பல் என்று இதை ஒதுக்க முடியவில்லை.

கடிதம் பொத்தாம்பொதுவாக எதையும் சொல்லவில்லை. ஒரு நீதிபதியின் அரசுக் குடியிருப்பில், கூடத்து விளக்குக்குள் ஒரு கேமரா ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. படுக்கையறையிலும் இன்னொன்று இருந்தது. வேறொரு நீதிபதியின் மைத்துனரை ஆயுதம் தாங்கியவர்கள் கடத்திச் சென்று மின்னதிர்ச்சி கொடுத்து, நீதிபதிக்கு எதிராக வாக்குமூலம் சொல்லவைத்துப் படம் பிடித்தார்கள். கடத்தியவர்கள் தங்களை ராணுவ உளவு அமைப்பான ஐ.எஸ்.ஐ.யோடு தொடர்புடையவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். இவை அனைத்தும் கடிதம் கூறுபவை. இத்தகைய தலையீட்டைப் பற்றி 2023 மே மாதமே தங்கள் தலைமை நீதிபதியிடம் எழுத்தில் முறையிட்டதாகவும் அந்த ஆறு பேர் சொல்கிறார்கள்.

இதன் பக்கத்தில் இன்னொரு செய்தியை வைத்துப் பார்க்கலாம். 1997 ஜனவரி 29 அன்று, பிரதமர் பேநசீர் புட்டோவைக் குடியரசுத் தலைவர் பதவிநீக்கம் செய்தது சரிதான் என்று பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பதவிநீக்கத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் நீதிபதிகளின் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டதும் ஒன்று. ஒரே நாடு, ஏறத்தாழ ஒரே குற்றச்சாட்டு. முதல் முறை அது ஓர் அரசாங்கத்தை வீட்டுக்கு அனுப்ப உதவியது. 27 ஆண்டுகள் கழித்து ஆறு நீதிபதிகளே கையெழுத்திட்டுக் கொடுத்தும், அந்த ஆண்டு முடியும்வரை ஓர் இறுதித் தீர்ப்பைக்கூட அது பெறவில்லை. ஏன்?

வழக்கமாக மூன்று விடைகள் சொல்லப்படுகின்றன. நீதித்துறை வரவரப் பலவீனமடைந்துவிட்டது என்பது ஒன்று. அங்கே ராணுவம்தான் எல்லாம், இதில் ஆராய என்ன இருக்கிறது என்பது இரண்டு. கடிதம் எழுதியவர்கள் முன்னாள் பிரதமர் இம்ரான் கானுக்கு அனுசரணையானவர்கள், இது நீதித்துறைக்குள் நடக்கும் அரசியல் என்பது மூன்று. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இவற்றில் எதுவும் ஆதாரம் என்ற கேள்வியைத் தொடுவதில்லை. ஒட்டுக்கேட்பு விசித்திரமான குற்றம்: அதற்கான சாட்சியம் முழுவதும் குற்றம் சாட்டப்பட்டவரின் அலமாரியில்தான் இருக்கும். அந்த அலமாரி எப்போது, யார் கையால் திறக்கப்படுகிறது என்று பார்த்தால் இந்த முப்பது ஆண்டுக் கதை வேறு விதமாகத் தெரிகிறது.

2. 1996–97: சாட்சியம் தானே வந்து சேர்ந்த வழக்கு

குடியரசுத் தலைவர் பாரூக் லெகாரி 1996 நவம்பர் 5 அன்று பேநசீர் அரசைக் கலைத்தார். தேசிய அவையைக் கலைக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்குக் கொடுத்த அரசமைப்பின் 58(2)(ஆ) பிரிவை அதற்குப் பயன்படுத்தினார். கராச்சியில் நடந்த சட்டவிரோதக் கொலைகள், ஊழல், நீதிபதிகள் நியமனம் பற்றிய 1996 மார்ச் 20 தீர்ப்பை அமல்படுத்தாமல் இழுத்தடித்தது எனப் பட்டியல் நீளமானது. நீதிபதிகள், அரசியல்வாதிகள் ஆகியோரின் தொலைபேசிகளை உளவுத்துறை ஒட்டுக்கேட்டது என்பதும் அதில் இருந்தது.

இந்த வழக்கை விசாரித்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் தலைமை நீதிபதி சஜ்ஜாத் அலி ஷா. 1994இல் மூத்தவர்களைத் தாண்டி அவரை அந்தப் பதவியில் உட்காரவைத்தவர் பேநசீர்தான். நியமனத் தீர்ப்புக்குப் பின் இருவரும் வெளிப்படையாகவே மோதிக்கொண்டார்கள். அவருடைய தொலைபேசியில் ஒட்டுக்கேட்புக் கருவி கண்டுபிடிக்கப்பட்டதை அடுத்து, 1996இல் உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து ஒரு வழக்கையும் எடுத்திருந்தது. பாதிக்கப்பட்டவரே தீர்ப்புச் சொல்பவராகவும் இருந்தார் என்ற குறை இந்தத் தீர்ப்பின்மேல் அன்றிலிருந்து இன்றுவரை நிற்கிறது. அது நியாயமான குறை என்றே நினைக்கிறேன்.

தீர்ப்பின் உள்ளடக்கத்தை அதற்காகத் தள்ளிவிட முடியாது. மனித கண்ணியத்தையும் இல்லத்தின் அந்தரங்கத்தையும் மீறக்கூடாதவை என்று பாகிஸ்தான் அரசமைப்பின் 14ஆம் பிரிவு கூறுகிறது. தொலைபேசி உரையாடலும் இந்தப் பாதுகாப்புக்குள் வரும் என்று நீதிமன்றம் விரித்துப் பொருள் கொண்டது. இனி எந்தத் தொலைபேசியை ஒட்டுக்கேட்பதானாலும் உச்ச நீதிமன்றத்தின் முன் அனுமதியோ, அது அமைக்கும் ஆணையத்தின் முன் அனுமதியோ வேண்டும் என்றும் சொன்னது. ஏழு பேரில் ஆறு பேர் பதவிநீக்கத்தை ஏற்றார்கள். நீதிபதி சியா மஹ்மூத் மிர்சா மட்டும் மாறுபட்டார். ஐந்து நாள் கழித்துப் பொதுத்தேர்தல்.

இங்கே கவனிக்க வேண்டியது சாட்சியம் வந்த வழி. ஒட்டுக்கேட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட இன்டெலிஜென்ஸ் பீரோ பிரதமரின் கீழ் இயங்கும் சிவில் அமைப்பு. வழக்கு நடந்தபோது அந்தப் பிரதமர் பதவியில் இல்லை. அலுவலகம், கோப்புகள், அதிகாரிகள் எல்லாமே குடியரசுத் தலைவர் நியமித்த இடைக்கால அரசின் கையில் இருந்தன. சாட்சியத்தை யாரும் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. நீதிமன்றத்தின் துணிவு என்று பின்னாளில் பாராட்டப்பட்டதில் ஒரு பங்கு இந்த வசதியைச் சேரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன் அனுமதி வேண்டும் என்ற அந்த வரி தீர்ப்புத் தொகுப்பில் அச்சானதோடு நின்றது. 1996இல் எடுத்த வழக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உறங்கியது. 2015இல் அது மீண்டும் விசாரணைக்கு வந்தபோது, மாதத்துக்கு 6,500க்கும் மேற்பட்ட தொலைபேசிகளைக் கேட்டுவருவதாக ஐ.எஸ்.ஐ. தரப்பே நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஒவ்வொன்றுக்கும் நீதிமன்ற அனுமதி எங்கே என்று கேட்டிருக்க வேண்டிய இடம் அது. குடிமக்களின் தொலைபேசி என்றால் நீதிபதிகளுக்கு அவசரம் இருப்பதில்லை.

3. லாகூர் ஒலிநாடாக்கள்: சங்கடமான சாட்சியம்

நீதிபதிகளை ஒட்டுக்கேட்பது தவறு என்ற நிலைப்பாட்டுக்குப் பெரிய சோதனையாக வந்தது மாலிக் கய்யூம் விவகாரம். லாகூர் உயர் நீதிமன்ற நீதிபதியான அவர் உறுப்பினராயிருந்த அமர்வு, 1999 ஏப்ரலில் பேநசீருக்கும் அவருடைய கணவர் ஆசிப் அலி சர்தாரிக்கும் ஊழல் வழக்கில் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அப்போது பிரதமர் நவாஸ் ஷெரீப். அதே ஆண்டு அக்டோபர் 12 அன்று ராணுவத் தளபதி முஷாரப் ஆட்சியைப் பிடித்தார். 2001 தொடக்கத்தில் லண்டனின் சண்டே டைம்ஸ் சில ஒலிநாடாக்களின் உள்ளடக்கத்தை வெளியிட்டது. தீர்ப்பு எப்போது வரும், தண்டனை எவ்வளவு என்று நவாஸ் அரசின் ஊழல் தடுப்பு அமைப்பின் தலைவர் சைபுர் ரஹ்மான் நீதிபதியோடு பேசுவது அவற்றில் இருந்தது. பதிவு செய்தது இன்டெலிஜென்ஸ் பீரோ.

நீதிபதியின் தொலைபேசியைக் கேட்டதால்தான் நீதிபதியின் குற்றம் வெளிவந்தது. ‘யோக்கியனுக்கு என்ன பயம்’ என்று கேட்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் கதை இது. ஆனால் கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் கதை திரும்பிக்கொள்கிறது. நாடாக்கள் 1999க்குள்ளேயே அரசின் கையில் இருந்தன. நீதிபதி சார்போடு நடக்கிறார் என்று அரசுக்குத் தெரியும். அந்தச் சார்பை வேண்டியதே அரசுதான். கேட்டவர்கள் யாரும் கய்யூம்மேல் புகார் கொடுக்கவில்லை. பதிவைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டார்கள். நாளை அவர் மனம் மாறினால் எடுத்துக்காட்டுவதற்கு என்பதைத் தவிர அதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? அது வெளியே வந்தது ஆட்சி கவிழ்ந்த பிறகு. நீதியை உளவு காப்பாற்றியதாக இதைப் படிப்பது பிழை. வளைந்த நீதிபதியை வளைந்தபடியே வைத்திருக்க உளவு உதவியது.

2001 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. ஒருபக்கச் சார்பு வழக்கின் ஆவணங்களிலேயே மேலாக மிதக்கிறது என்று கூறி, நாடாக்களின் மேல் தன் முடிவைக் கட்டாமல் விலகிக்கொண்டது. சட்டவிரோத ஒட்டுக்கேட்பில் கிடைத்த சாட்சியத்தை ஏற்கலாமா என்ற கடினமான கேள்வி அப்படியே விடப்பட்டது. கய்யூம் பதவி விலகினார். 2007இல் முஷாரப் அரசின் தலைமை வழக்கறிஞராகத் திரும்பிவந்தார்.

4. 2007: திருடனிடமே சான்றிதழ்

2007 மார்ச் 9 அன்று தலைமை நீதிபதி இப்திகார் சௌத்ரியை முஷாரப் தன் ராவல்பிண்டி அலுவலகத்துக்கு அழைத்துப் பதவி விலகச் சொன்னதும், அவர் மறுத்ததும், வழக்கறிஞர்கள் தெருவில் இறங்கியதும் பலர் எழுதியவை. அந்த வழக்கின் ஒரு சிறிய கட்டம் மட்டும் நமக்கு வேண்டும். நீதிபதிகளை இழிவுபடுத்தும் ஆவணங்களை அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் தாக்கல் செய்தது. ஜூலை 2 அன்று நீதிபதி கலீலுர் ரஹ்மான் ராம்தே தலைமையிலான அமர்வு கொதித்துப்போய் அரசுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற வளாகங்களுக்குள் உளவுத்துறையினர் நுழையத் தடை போட்டது. நீதிமன்றங்களிலும் நீதிபதிகளின் வீடுகளிலும் ஒட்டுக்கேட்புக் கருவி ஏதும் இல்லை என்று உறுதிசெய்து சான்று தரும்படி உத்தரவிட்டது.

யாருக்கு உத்தரவிட்டது? இன்டெலிஜென்ஸ் பீரோவின் தலைவருக்கு.

இதைப் படிக்கையில் சிரிப்பு வரலாம். ஆனால் நீதிமன்றத்துக்கு அன்று வேறு வழி இல்லை. கருவியைத் தேடும் கருவியும் உளவுத்துறையிடம்தான் இருந்தது. தெருவில் ஆயிரக்கணக்கான வழக்கறிஞர்கள் நின்ற அந்த மாதத்திலும், உச்ச நீதிமன்றத்துக்கென்று ஒரு விசாரணைக் கை கிடையாது. அபராதம், தடை, கண்டனம் எல்லாம் அதிகாரத்தின் சத்தங்கள். அலமாரிச் சாவி பழைய இடத்திலேயே இருந்தது.

5. கேட்பது மாறி வெளியிடுவது தொழிலான காலம்

2018 ஜூலை 21 அன்று, ராவல்பிண்டி வழக்கறிஞர் சங்கத்தில் பேசிய இஸ்லாமாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஷௌகத் அஜீஸ் சித்தீகி, எந்த வழக்கு எந்த அமர்வுக்குப் போக வேண்டும் என்பதில் ஐ.எஸ்.ஐ. தலையிடுகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அக்டோபரில் அவர் பதவிநீக்கம் செய்யப்பட்டார். அவர் சொன்னது உண்மையா என்று விசாரிக்கப்படவில்லை; நீதிபதி இப்படிப் பேசலாமா என்பதே விசாரணைப் பொருளாக இருந்தது. அந்தப் பதவிநீக்கம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 22 அன்று தீர்ப்பளித்தது. அதற்குள் ஓய்வு வயது கடந்துவிட்டதால் அவரால் பணிக்குத் திரும்ப முடியவில்லை. ஆறு நீதிபதிகளின் கடிதத்துக்கு மூன்று நாள் முந்தைய தீர்ப்பு இது. தேதிகளின் நெருக்கம் தற்செயல் அல்ல: சித்தீகிக்குக் கிடைத்த நியாயத்தைக் கடிதமே சுட்டுகிறது.

இடைப்பட்ட ஆண்டுகளில் இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது. ஒலிப்பதிவுகள் பெயரற்ற சமூக ஊடகக் கணக்குகள் வழியே கசியத் தொடங்கின. முன்னாள் தலைமை நீதிபதி ஒருவரின் மகன், பணியிலிருந்த தலைமை நீதிபதியின் மாமியார் என்று நீதிபதிகளின் குடும்பத்தார் பேசியவை எனச் சொல்லப்பட்ட பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2023 மே மாதம் அரசு, நீதிபதி காஜி பாயிஸ் ஈசா தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தது. அந்த ஆணையத்துக்குத் தரப்பட்ட பணி, பதிவுகளில் பேசப்பட்டது உண்மையா, அதனால் நீதித்துறைக்கு என்ன இழுக்கு என்று ஆராய்வது. யார் பதிவு செய்தார்கள் என்பது அரசின் அக்கறையாக இல்லை. தலைமை நீதிபதி உமர் அத்தா பந்தியால் தலைமையிலான ஐவர் அமர்வு மே 26 அன்று ஆணையத்தின் பணியை நிறுத்திவைத்தது. தன் உறவினர் சம்பந்தப்பட்ட விவகாரத்தில் அவரே அமர்ந்தது மீண்டும் அதே குறைதான். அரசு அவரை விலகச் சொன்னது, அவர் மறுத்தார். 1997 தீர்ப்பைப் பற்றி நான் சொன்ன குறையை இங்கும் சொல்லியாக வேண்டும். ஆனால் யார் கேட்டது என்று கேட்காத ஆணையத்தைத் தடுத்ததற்காக அந்த அமர்வைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை.

கடிதத்துக்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமைச்சரவை ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி தஸ்ஸதுக் உசைன் ஜிலானியை ஒருநபர் ஆணையமாக நியமித்தது. கடிதம் உச்ச நீதித்துறைக் கவுன்சிலுக்கு எழுதப்பட்டது, அதை நான் விசாரிப்பது முறையாகாது என்று அவர் ஏப்ரல் 1 அன்று விலகினார். உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. மற்ற உயர் நீதிமன்றங்களின் கருத்தைக் கேட்டது. பெஷாவர் உள்ளிட்ட நீதிமன்றங்களும் தலையீட்டை ஒப்புக்கொண்டு எழுதின. மே மாத விசாரணைக்குப் பின் வழக்கு நின்றுபோனது.

அக்டோபரில் 26ஆவது அரசமைப்புத் திருத்தம் வந்தது. தலைமை நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நாடாளுமன்றக் குழுவுக்குப் போனது. 2025 பிப்ரவரியில் வேறு உயர் நீதிமன்றங்களிலிருந்து மூன்று நீதிபதிகள் இஸ்லாமாபாத்துக்கு மாற்றப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் அங்கே தற்காலிகத் தலைமை நீதிபதி ஆனார். கடிதம் எழுதிய ஆறு பேரில் ஐவர் இதை எதிர்த்து வழக்குப் போட்டுத் தோற்றார்கள். நவம்பரில் 27ஆவது திருத்தம் தனியாக ஒரு கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றத்தையே உருவாக்கியது. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மன்சூர் அலி ஷாவும் அதர் மினல்லாவும் பதவி விலகினார்கள்.

குற்றம் சாட்டப்பட்ட அமைப்பு இந்த முறை ஐ.எஸ்.ஐ. காகிதத்தில் அது பிரதமருக்குக் கட்டுப்பட்டது; தலைமை வகிப்பவரோ பணியிலுள்ள ராணுவ லெப்டினன்ட் ஜெனரல். 1996இல் குற்றவாளிக் கூண்டில் ஒரு சிவிலியன் பிரதமர் இருந்தார். அவரை நீக்க அரசமைப்பில் ஒரு பிரிவும் இருந்தது. 2024இல் அப்படிப்பட்ட பிரிவும் இல்லை, கோப்புகளைக் கொண்டுவந்து கொடுக்க ஓர் இடைக்கால அரசும் இல்லை.

6. சாட்சி இல்லாத இயந்திரம்

கடிதம் எழுதப்பட்ட 2024ஆம் ஆண்டிலேயே, அதில் கையெழுத்திட்ட நீதிபதி பாபர் சத்தார் தன் முன் இருந்த ஒலிக்கசிவு வழக்குகளில் வேறு வழியில் நுழைந்தார். யார் பதிவு செய்தது என்று கேட்டால் எல்லா அமைப்பும் தெரியாது என்கின்றன. சரி, எப்படிப் பதிவு செய்ய முடிந்தது என்று கேட்டார். இன்டெலிஜென்ஸ் பீரோ, மத்தியப் புலனாய்வு அமைப்பான எப்.ஐ.ஏ., தொலைத்தொடர்பு ஆணையம், ஊடக ஒழுங்காணையம் ஆகிய நான்கும் அவர் வழக்கிலிருந்து விலக வேண்டும் என்று மனுப் போட்டன. ஒவ்வொன்றுக்கும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார். இதற்கிடையே, விசாரணையில் பின்வாங்கும்படி பாதுகாப்பு அமைப்பின் உயர் அதிகாரி ஒருவரிடமிருந்து தனக்குச் சேதி வந்ததாகத் தலைமை நீதிபதிக்கு எழுதினார்.

2024 ஜூன் இறுதியில் வந்த அவருடைய உத்தரவு, ‘சட்டப்படியான இடைமறிப்பு மேலாண்மை அமைப்பு’ என்ற ஒன்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் சொந்தச் செலவில் அதை இறக்குமதி செய்து, குறிப்பிட்ட இடத்தில் நிறுவி, உளவு அமைப்புகளிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் வாடிக்கையாளர்களில் 2 விழுக்காட்டினரை ஒரே நேரத்தில் கண்காணிக்க வகைசெய்ய வேண்டும். மொத்தம் 40 லட்சம் பேருக்கு மேல். ஒட்டுக்கேட்க உயர் நீதிமன்ற நீதிபதியின் ஆணை தேவை என்று சொல்லும் 2013ஆம் ஆண்டு நியாய விசாரணைச் சட்டம் ஒன்று அந்நாட்டில் இருக்கிறது. எந்த உளவு அமைப்புக்கும் ஒட்டுக்கேட்க அனுமதி தரவில்லை என்றுதான் அரசு அதே நீதிமன்றத்தில் சொல்லியிருந்தது.

ஜூலை 8 அன்று அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது: 1996 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்கீழ், 18ஆம் நிலைக்குக் குறையாத ஐ.எஸ்.ஐ. அதிகாரிகள் அழைப்புகளை இடைமறிக்கலாம். இல்லவே இல்லை என்று சொன்ன ஒன்று சில நாள்களில் சட்டபூர்வமானது. ஆகஸ்ட் 19 அன்று உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, உயர் நீதிமன்ற நடவடிக்கைகளுக்குத் தடை விதித்தது. அந்த இயந்திரம் இயங்குவதை அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2025 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வும் விவரித்தது.

இதன் விளைவு சாட்சியம் சார்ந்தது. பழைய முறையில் இணைப்பகத்தில் ஒருவர் கம்பியைத் தொட்டாக வேண்டும். எழுத்தரோ பொறியாளரோ அறிந்திருப்பார். என்றாவது வாய் திறப்பார். புதிய அமைப்பில் உளவு அதிகாரி எண்ணைத் தட்டினால் போதும். யாருடைய அழைப்பு போகிறது என்று தொலைபேசி நிறுவனத்துக்கே தெரியாது. வெளியாள் என்று ஒருவரும் நடுவில் மிஞ்சவில்லை.

7. ஒரு மாற்றுச் சாட்சி: கொலம்பியா

ஆட்சி உடைந்தால்தான் உண்மை வரும் என்ற முடிவுக்கு நாம் வந்துவிடலாம். கொலம்பியா அதை மறுக்கிறது. துணைராணுவக் கும்பல்களோடு கூட்டு வைத்திருந்த நாடாளுமன்ற உறுப்பினர்களை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விசாரித்துவந்தது; பலர் அதிபர் அல்வாரோ உரிபேயின் கூட்டணியினர். டி.ஏ.எஸ். என்ற உளவுத்துறை நீதிபதிகளின் தொலைபேசிகளைக் கேட்டது. முழு அமர்வு நடக்கும் அறையின் பேச்சையே ரகசியமாகப் பதிவு செய்தது. பானம் பரிமாறும் பணிப்பெண்ணும் காரோட்டியும்கூட அதற்குப் பயன்படுத்தப்பட்டார்கள். 2009 பிப்ரவரியில் செமானா இதழ் இதை அம்பலப்படுத்தியபோது உரிபே பதவியில்தான் இருந்தார்.

ஆனாலும் டி.ஏ.எஸ். அலுவலகம் சோதனையிடப்பட்டுக் கோப்புகள் கைப்பற்றப்பட்டன. 1991 அரசமைப்பின்படி அங்கே வழக்குத் தொடுக்கும் அலுவலகம் நிர்வாகத்தின் கீழ் வராது. நீதித்துறையின் அங்கம் அது. அதற்கென்று சொந்தப் புலனாய்வாளர்கள் உண்டு. அதிபரின் அனுமதியில்லாமல் அவர்களால் அலமாரியைத் திறக்க முடிந்தது. டி.ஏ.எஸ். 2011இல் கலைக்கப்பட்டது. அதன் முன்னாள் இயக்குநர் மரியா தெல் பிலார் ஊர்தாதோ பனாமாவில் தஞ்சம் புகுந்து, 2015இல் சரணடைந்து, 14 ஆண்டுத் தண்டனை பெற்றார். தான் எந்த உத்தரவும் இடவில்லை என்று உரிபே மறுத்துவருகிறார். தண்டனை விதித்தது ஒட்டுக்கேட்கப்பட்ட அதே உச்ச நீதிமன்றம் என்ற குறை இங்கும் உண்டு. ஆனால் அங்கே தீர்ப்புக்கு அடியில் கைப்பற்றப்பட்ட கோப்புகள் இருந்தன. லாகூர், இஸ்லாமாபாத் கதைகளிலிருந்து அது வேறுபடும் இடம் அதுவே.

8. நம் பக்கத்து அலமாரி

பாகிஸ்தான் தீர்ப்புக்கு ஆறு வாரம் முன்பு, 1996 டிசம்பர் 18 அன்று, இந்திய உச்ச நீதிமன்றம் பி.யூ.சி.எல். என்ற மக்கள் உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் தொலைபேசி ஒட்டுக்கேட்பு பற்றித் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் குல்தீப் சிங்கும் சகீர் அகமதும் முன் அனுமதியை நீதித்துறையிடம் கொடுக்க மறுத்தார்கள். சட்டம் அதற்கு இடம் தரவில்லை என்றார்கள். உள்துறைச் செயலாளரின் ஆணை, அதைச் செயலாளர்கள் குழு மறுஆய்வு செய்வது என்று ஏற்பாடு செய்தார்கள். பாகிஸ்தானின் கடுமையான விதி காகிதத்தில் கிடந்தது. இந்தியாவின் மென்மையான விதி நடைமுறைக்கு வந்தது. இரண்டாவதே மேல் என்று சொல்லத் தோன்றும். ஆனால் நீதிபதிகள் பற்றிய குற்றச்சாட்டு எழுந்தபோது இந்த ஏற்பாடும் எதையும் நிரூபிக்க உதவவில்லை.

2021இல், பெகாசஸ் உளவு மென்பொருளின் இலக்குகள் எனக் கசிந்த பட்டியலில், நீதிபதி அருண் மிஸ்ராவின் பெயரில் முன்பு பதிவாகியிருந்த எண்ணும், உச்ச நீதிமன்றப் பதிவகத்தைச் சேர்ந்தவர்களின் எண்களும் இருந்தன. அந்த எண்ணை 2014இலேயே விட்டுவிட்டதாக மிஸ்ரா விளக்கினார். பட்டியலில் இருப்பதாலேயே ஊடுருவல் நடந்தது என்றாகாது என்பதும் உண்மை. நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையிலான குழு 29 கைபேசிகளை ஆராய்ந்தது. ஐந்தில் ஏதோ தீநிரல் இருந்தது, பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு தெரிவித்ததைத் தலைமை நீதிபதி ரமணா 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் படித்துக் காட்டினார்.

தெலங்கானாவில் நடந்தது நேர்மாறு. 2023 டிசம்பர் 3 வாக்கு எண்ணிக்கையில் ஆட்சி மாறியது. மறுநாளே மாநில உளவுப் பிரிவில் வன்தட்டுகள் அழிக்கப்பட்டன என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. 2024 மார்ச்சில் வழக்குப் பதிவானது. கேட்கப்பட்டவர்களில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரும் உண்டு என்ற செய்தியை அடுத்து, உயர் நீதிமன்றமே தாமாக முன்வந்து வழக்கெடுத்தது. அரசு மாறியது, அலமாரி திறந்தது. திறக்குமுன் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்கிறது புகார்.

2024 டிசம்பரில் வந்த புதிய இடைமறிப்பு விதிகளின்படியும் மறுஆய்வுக் குழுவில் அமைச்சரவைச் செயலாளரும் துறைச் செயலாளர்களுமே இருக்கிறார்கள், நீதிபதி இல்லை. அந்தக் குழு எப்படி இயங்குகிறது என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2025 ஜூலை 2 தீர்ப்பு ஒரு தடயம்: 2011ஆம் ஆண்டு ஒட்டுக்கேட்பு ஆணை ஒன்றை ரத்து செய்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இடைமறித்த விவரங்கள் மறுஆய்வுக் குழு முன் வைக்கப்படவே இல்லை என்பதைக் குறிப்பிட்டார். பதினான்கு ஆண்டு கழித்து அதைக் கண்டுபிடிக்க முடிந்தது, அந்த ஆணை ஒரு குற்றவழக்கின் காகிதக் கட்டில் தப்பிப் பிழைத்ததால்தான்.

பொதுவாக அப்படிப் பிழைப்பதில்லை. இடைமறிப்பு ஆணைகள் பற்றிய பதிவேடுகளை, தேவை இருந்தாலோ நீதிமன்ற உத்தரவு இருந்தாலோ தவிர, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிட வேண்டும் என்கின்றன விதிகள். அந்தரங்கத்தைக் காக்க வந்த ஏற்பாடு இது. பேசியதன் பதிவை அழிப்பது அந்தரங்கத்தைக் காக்கும். கேட்கச் சொன்ன ஆணையை அழிப்பது கேட்டவரைக் காக்கும். நாம் பார்த்தவற்றில் லாகூர் நாடாக்களும் சென்னை வழக்கின் ஆணையும் வெளிவர ஆண்டுகள் ஆயின. உரையாடல் ஆறு மாதத்தில் அழியட்டும். ஆணையும் அதற்கான காரணமும் மட்டும் முத்திரையிட்டு உயர் நீதிமன்றப் பதிவாளரின் காப்பில் பத்தாண்டாவது இருக்க வேண்டும். கேட்கப்பட்டவர் நீதிபதியா, ஆசிரியரா, கட்சித் தொண்டரா என்ற வேறுபாடு இதில் கூடாது. இந்தத் திருத்தத்துக்குப் புதிய சட்டம் தேவையில்லை. மத்திய அரசின் ஓர் அறிவிக்கையே போதும்.